ஜெனரலும் பாலத்தில் விழுந்த மச்சானும்

“போர்க்களத்துல எனக்குச் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. பெத்த அப்பனே குண்டடி பட்டு விழுந்தாலும் தாண்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்!”

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து ஒரு பருத்த வக்கீலைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டே ஜெனரல் இப்படி முழங்கினார். இறக்குவதற்கு முன், கதவிடுக்கில் வாயை வைத்து வழக்கம்போல, “பதறாதீங்க, ஆள் வந்தாச்சு” என்று குரல் கொடுத்திருந்தார். அந்த ஆளா இந்த ஆள் என்று வக்கீல் குழம்பிப்போய், மிச்ச மாடிகளைப் படியிலேயே இறங்கினார்.

பகலில் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் குளித்து முடித்தால் ஜெனரல். கூடத்து டிவியில் அவருடைய யுத்தம் தொடங்கும். சரித்திரத்தில் என்றோ முடிந்துபோன மகா யுத்தம் அந்த விளையாட்டில் மட்டும் முடியவே இல்லை. பேரரசர்கள் இன்னும் மீசை முறுக்குகிறார்கள்; வானத்தில் போர்க்கப்பல் மிதக்கிறது. மூவர் மூவராக அணி சேர்ந்து, கோட்டையைப் பிடித்து, பாலத்தைக் கடந்து, புறப்படுகிற ரயிலில் தொற்றிக்கொண்டால் வெற்றி. அணியினர் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஹெட்செட்டில் பேசிக்கொள்வார்கள். ஜெனரலுக்கு அந்தக் கருவி வெறும் அலங்காரம். அவர் போடுகிற சத்தம் சுவரைத் தாண்டி நேராகவே போய்ச் சேரும்.

அவருடைய முதல் எதிரி பகைவர் படையல்ல, விளையாட்டைச் செய்தவர்கள். “சரித்திரத்தை எப்படி வேணா மாத்திக்கோ, நான் கேக்கல. ஆனா கோட்டை லிஃப்ட்ல பெட்டி வராமலே கதவு திறக்குதே! எந்த மடையன் இதுக்கு அனுமதி குடுத்தான்? ஆள் உள்ள விழுந்தா பேரரசர் வந்து பதில் சொல்வாரா?” அந்த லிஃப்ட்டில் அவர் காலெடுத்து வைத்ததில்லை, அணியையும் வைக்க விட்டதில்லை. எல்லாரும் படியில்தான் ஏற வேண்டும். பாதி யுத்தங்களில் அவர்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் கோட்டை கைமாறிவிடும். தோல்வி தோல்விதான்; பாதுகாப்பு விதி பாதுகாப்பு விதிதான்.

அணியில் மற்ற இருவர், மருந்துக்கடைக்காரரும் ஜெனரலுடைய மனைவியின் தம்பியும். மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊர்க் கண்ணையெல்லாம் திறக்கிற அந்தப் புண்ணியவான், போன மாதம் பாலத்தின் நட்டநடுவில், பீரங்கிக்கு நேர் எதிரே போய் நின்றான். விழுந்தான். விழுந்தவனைத் தோளில் தூக்கலாம்; ஆனால் தூக்குகிறவன் தன் துப்பாக்கியைக் கீழே போட்டாக வேண்டும், அது அந்த ஆட்டத்தின் சட்டம். ஜெனரல் சொன்ன சொல் தவறாதவர். தாண்டிக்கொண்டு போனார். ரயிலைப் பிடித்தார். ஜெயித்தார்.

அன்றோடு மச்சான் அணிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து சாப்பிடுகிறவனின் நாற்காலி காலியாகவே கிடந்தது.

“ஏங்க, என் தம்பியப் பாலத்துல போட்டுட்டு வந்துட்டீங்களாமே?”

“அது விளையாட்டு!”

“விளையாட்டுலயே இப்படின்னா?”

ஜெனரலுக்கு ரத்தம் கொதித்தது. “கண்ணாடி விக்கிறவனுக்கு எதிர்ல நிக்கிற பீரங்கி தெரியாதா? அவன் கண்ணுக்கு நான் பொறுப்பா?” என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். சமையலறை பாத்திரங்களால் பதில் சொன்னது.

மச்சானின் இடத்துக்கு விளையாட்டே ஒரு பொம்மைச் சிப்பாயை அனுப்பியது. நில் என்றால் நின்றது, ஓடு என்றால் சுவரில் முட்டிக்கொண்டு ஓடியது. எவ்வளவு திட்டினாலும் ஒரு முணுமுணுப்பு இல்லை. “இது ஒரு ஆளா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசுதா பாருங்க!” என்று மருந்துக்கடைக்காரரிடம் பொருமினார். மச்சானாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்பது பேசியிருப்பான்.

நேற்று, இன்னும் ஒரே ஒரு வெற்றி கிடைத்தால் ‘பேரரசின் மார்ஷல்’ பட்டம் என்றிருந்த நிலையில், அணியின் மூன்றாவது இடத்தில் திடீரென்று மச்சானின் பெயர் முளைத்தது. வணக்கம் இல்லை, மாமா இல்லை. வாயே திறக்காமல் கூடவே படியேறினான், கோட்டையைப் பிடித்தான். பாலத்துக்கு வந்ததும் அதே இடத்தில், அதே பீரங்கிக்கு எதிரே போய் நின்று, விழுந்தான்.

“உனக்கு அறிவிருக்காடா? கண்ணு தெரியலைன்னா உன் கடையிலயே ஒரு கண்ணாடி எடுத்து மாட்டிக்கிட்டு வந்து தொலையக் கூடாதா?”

“நீங்க போங்க மாமா,” என்றது ஹெட்செட். “உங்களுக்குத்தான் போர்க்களத்துல சொந்தமே கிடையாதே.”

“ஜெனரல், ரயில் நகருது! பட்டம் போயிடும், ஓடி வாங்க!” மருந்துக்கடைக்காரர் கடைசிப் பெட்டியில் தொங்கிக்கொண்டு அலறினார்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

ஜெனரல் நகரும் ரயிலைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். பிறகு ஹெட்செட்டின் ஒலிவாங்கியை உதட்டோரம் இழுத்து, சமையலறைக்குக் கேட்காத குரலில், “பதறாத மச்சான், ஆள் வந்தாச்சு” என்றார்.

கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தியது. திரையில், பாலத்துப் பலகையின் மேல் துப்பாக்கி விழுந்தது.