அக்காவின் கன்றுகளுக்கு நாம் ஊற்றிய தண்ணீர்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அக்காவின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். பின்வாசல் தோட்டத்தையும் பார்த்தவர்கள். அதனால் உங்களிடம் எதையும் பூசி மெழுகி எழுத எனக்கு வழியில்லை.

சேரன்மகாதேவியில், வாய்க்கால் வீட்டுச் சுவரை உரசி ஓடும் தெருவில், அக்கா மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசித் தம்பி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருமணம். அத்தான் இளம் வயதிலேயே காலமானார். கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பிய அக்கா, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். விடியும் முன் வரும் கம்பெனி பஸ். இருட்டிய பின் திரும்பும் அதே பஸ். மகளைப் படிக்க வைத்தார், என்னையும் படிக்க வைத்தார். யாரையும் ஒரு சொல் கடிந்ததில்லை என்று எழுதத்தான் கை போகிறது. அது பொய். கடிந்தார்; கடிந்துவிட்டுச் சோறு போட்டார்.

ஓய்வு பெற்றதும் வந்த ஐப்பசியில் பின்வாசல் மண்ணைக் கொத்தினார். எலுமிச்சை, கொய்யா, நார்த்தை, பிச்சி, நந்தியாவட்டை. எல்லாம் முழங்கால் உயரக் கன்றுகள். வெயில் சாய்ந்த பிறகே நட்டார். வேரைப் பிடித்திருந்த மண் உதிராமல் பையைக் கிழித்துக் குழியில் இறக்கினார். சுற்று மண்ணைக் காலால் அமர்த்தினார். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தார். காய்ந்த இலைகளைத் தண்டில் படாமல் வட்டமாகப் பரப்பினார்.

“ஒரு வருசம் நாம பாத்துக்கிடணும்லே. வேரு பிடிச்சிட்டா பெறவு நான் இல்லாட்டாலும் நிக்கும்” என்றார். அப்போது அது வெறும் பேச்சு.

தை பிறக்கும் முன் அக்காவின் கால்கள் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன என்றார்கள். பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ், திரும்பி வந்து ஜன்னலோரக் கட்டில். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல். ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த உடம்புக்கு ஒரு சின்ன டம்ளர். அதை உதட்டில் நனைத்து நனைத்து நாள் முழுக்க வைத்திருப்பார். வாய்க்கால் ஓடும் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜன்னலை அடைக்கலாம். சத்தத்தை எதைக் கொண்டு அடைப்பது?

நம் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர் கையால் ஒரு வாய் ஏதாவது குடித்தாக வேண்டும். இளநீர் கொண்டு வந்தீர்கள். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தீர்கள். கூடாது, கூடாது என்று நான் வாசலிலேயே சொன்னேன். அன்பாக வந்த கை சும்மா திரும்புமா? அது பின்வாசலுக்குப் போனது.

முதலில் எங்கள் அத்தைதான் குடத்தை எடுத்தார்.

“எய்யா, செடியெல்லாம் நாக்கு வறண்டு நிக்கு பாரு. அவளுக்குத்தான் ஒரு வாய்த் தண்ணி குடுக்கப்பிடாதுங்கான் டாக்டரு. அவ வச்ச செடிக்காவது ஊத்துதேன்.”

“அத்தை, காலையிலதான் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஊத்திட்டுப் போனாரு.”

“அவரு ஊத்துனது அவரு கணக்கு. நான் அவளுக்கு அத்தையில்லா?”

அத்தையும் ஒரு குடம் ஊற்றினார். எங்கள் பின்வாசல் களிமண். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். மண்ணில் காற்று இல்லாமல் இளவேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது. இலை துவண்டு தொங்கும். தாகத்தில் வாடும் செடிக்கும் இதே முகம்தான். தொங்கிய இலையைக் கண்டு மனம் பொறுக்காமல் அடுத்து வந்தவர் இன்னொரு குடம் ஊற்றினார். செடி இன்னும் தொங்கியது.

வாளியை ஒளித்து வைத்தேன். அண்ணாச்சி தன் வீட்டு வாளியோடு வந்தார். முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டேன். “ஆடு எதும் வருதோ?” என்று கேட்டுக்கொண்டே முள்ளை ஒதுக்கிவிட்டு ஊற்றினார்கள்.

அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, அது குடிக்கல. முங்குது. போயிச் சொல்லுலே.”

“எப்படிக்கா சொல்ல? அழுதுக்கிட்டே ஊத்துதாவ.”

“ஆமா, நீ எப்படிச் சொல்லுவ.” டம்ளரை எடுத்து உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “எனக்கு அளந்து குடுக்காவ. அதுக்கு அளக்காமக் குடுக்காவ. ரெண்டையும் மாத்திவிட்டா ரெண்டு பேரும் பொழச்சுக்கிடுவோம்லா.”

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

நார்த்தை முதலில் போனது. பிச்சி, அடியிலிருந்து கறுத்தது. கொய்யாவைத் தோண்டி மேட்டில் மாற்றி நட்டுப் பார்த்தேன். வேர் கையோடு உரிந்து வந்தது. அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவரும் ஜன்னல் பக்கம் முகம் திருப்புவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனி மாதத்தில், மகள் அருகில் இருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது. ஆற்றிலிருந்து நீர்மாலை எடுத்து வந்தோம். குடம் குடமாக ஊற்றிக் குளிப்பாட்டினோம். அன்று அளந்து கொடுக்கச் சொல்ல யாரும் இல்லை.

டயாலிசிஸ் நாட்களில் தவறாமல் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு, அக்காவுக்குத் தலை வாரிவிட்ட அத்தைக்கு, செவிலியர்களுக்கு, கம்பெனி பஸ்ஸில் உடன் பயணித்து, கடைசி வழியிலும் உடன் வந்த தோழியருக்கு, தெருவில் உள்ள அனைவருக்கும் எங்கள் நன்றி. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொருவருக்கும் நன்றி. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அந்தக் குடங்களில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

எலுமிச்சை மட்டும் இருக்கிறது. இலை உதிரவில்லை, புதுத் துளிரும் விடவில்லை. பிழைக்குமா என்று கேட்காதீர்கள்.

இன்று நினைவுநாள் சாப்பாடு சாப்பிட்டு எழுந்து கை கழுவப் பின்வாசலுக்கு வருவீர்கள். செம்பு அங்கேதான் இருக்கும். அதை எடுக்கும் முன் மண்ணில் ஒரு விரலை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் செம்பை வைத்துவிட்டு, கன்றின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். கஷ்டம்தான்.