சீசரின் முட்டி: நைலானா, பிளேட்டா?

சீசர் மூன்று காலில் நொண்டிக்கொண்டு கிளினிக்குக்குள் வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு நாளுக்கு முன் அதன் பின்னங்கால் முட்டியில் நான் கட்டிய நைலான் அறுந்திருந்தது.

சீசர் நாற்பத்தைந்து கிலோ ராட்வைலர். வளர்ப்பவர் சிலிம் ரிவர் ஊரிலிருந்து வரும் மேரி அக்கா. பழைய ரப்பர் எஸ்டேட் ஓரத்தில் தனியாக இருப்பவர். அவருடைய மரவள்ளிக்குக் காட்டுப்பன்றியிடமிருந்து காவல் இந்த ஒரு நாய்தான். முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்தால் இரண்டு வழி உண்டு. மூட்டுக்கு வெளியே தடித்த நைலானால் இழுத்துக் கட்டலாம். சுற்றிலும் தழும்புச் சதை வளர்ந்து பிடிக்கும்வரை அது தாங்கும். அல்லது கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை அறுத்து, அதன் சரிவைத் திருப்பி, பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கலாம். பெரிய நாய்க்குப் பிளேட்தான் நல்லது என்றார் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த டாக்டர் கவிதா. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஸ்க்ரூ முடுக்காவிட்டால் தூக்கம் வராது என்று கேலி செய்தேன். இருபது வருடமாக நைலான் கட்டிய திமிர்.

எட்டு வாரம் ஓடவிடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். மேரி அக்காவோ பத்தாவது நாளே பன்றியை விரட்ட அவிழ்த்துவிட்டிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் காது எதற்கு என்று கவிதாவிடம் பொரிந்து தள்ளினேன்.

இரண்டாவது ஆப்பரேஷனும் போனால் சீசருக்கு நிரந்தர நொண்டிதான். இம்முறை கவிதா ஆப்பரேஷன் செய்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளேட் ஒழுங்காக உட்கார்ந்தது. வெளியே போய், எலும்பை வெட்டியிருக்கிறோம் என்று மட்டும் கவிதா சொன்னார். மேரி அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எட்டு வாரமும் சீசரை வீட்டுக்குள் கட்டிவைத்தார். பன்றிகள் ஒரு கிழங்கு விடாமல் தின்றுவிட்டுப் போயின.

எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்தது. முதல் தடவை மட்டும் ஏன் கட்டிப்போடவில்லை என்று மேரி அக்காவிடம் கேட்டேன்.

"நீங்கதானே டாக்டர், தூண்டி நரம்பு போட்டிருக்கேன், ரொம்பக் கெட்டின்னு சொன்னீங்க. லூமுட் கடல்ல மீன் பிடிக்கிற என் தம்பி அதுல நாப்பது கிலோ திருக்கையே இழுப்பான். நாய் ஓடுனாவா அறுந்துரும்னு விட்டுட்டேன்."

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். எல்லாரிடமும் அப்படித்தான் பீற்றிக்கொள்வேன். இப்போது பெரிய நாய்களைக் கவிதாவிடம் அனுப்புகிறேன். சின்ன நாய்க்கு நைலான் கட்டினால், இது அறுந்துவிடும் என்றுதான் பேச்சையே தொடங்குகிறேன். என் பீற்றலை நம்பி இதற்கு முன் எத்தனை நாய்கள் நொண்டியாயினவோ தெரியாது. திரும்பி வராததையெல்லாம் குணமானது என்றே இருபது வருடமாக எழுதி வைத்திருக்கிறேன்.