பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளைகள் புலம்பல்

1991ஆம் ஆண்டு ஆவணி மாதம், யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோப்பவனாக இருந்தேன். என்னோடு வேலை செய்த இருவரும் வெளிநாடு போய்விட, அவர்கள் வேலையும் என் தலையில் விழுந்தது. காலை ஆறு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவேன், ஞாயிறும் ஓய்வில்லை. முக்கால்வாசி வேலை கல்வெட்டுத்தான். இறந்தவரின் வரலாறும் உறவினரின் புலம்பற் பாக்களும் சேர்த்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருவோருக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். போர் நடந்த அந்தக் காலத்தில் கல்வெட்டுக்குக் குறைவிருக்கவில்லை.

ஐந்தாறு மாதத்தில் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டேன். கறியில் உப்பில்லாவிட்டாலும் தெரியாது. "உங்களோடை கதைக்கிறதுக்குச் சுவரோடை கதைக்கலாம்" என்று மனைவி சொன்னதை, நாட்குறிப்பில் அன்று கோத்த பக்கங்களின் எண்ணிக்கைக்குக் கீழே எழுதிவைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒரு வியாழன் பின்னேரம், முதல்நாள் நூறு பிரதி வாங்கிப் போன பெண் பொதியுடன் திரும்பி வந்தார். கணவரை இழந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒன்பதாம் பக்கத்தை விரித்து என் முன் வைத்தார். 'பிள்ளைகள் புலம்பல்' என்று இருந்தது.

"அண்ணை, எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. நாளைக்கு அந்தியேட்டி. உந்தப் புத்தகத்தை எந்த முகத்தோடை சனத்துக்குக் குடுக்கிறது?"

முந்தைய கல்வெட்டுக்குக் கோத்த பக்கம் அது. பெயர் எதுவும் வராத பாட்டு என்பதால், இன்னொன்றுக்கும் உதவும் என்று எழுத்துகளைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். கை பழக்கத்தில் சேர்த்துவிட்டது. இரண்டு தடவை பிழை திருத்தியும் கண்ணில் படவில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. என்னை இன்றும் உறுத்துவது வேறு. அவர் சொன்னதைக் கேட்டு மனம் பதறவேயில்லை. மறுபடி அச்சடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்றுதான் பார்த்தது.

அதற்கும் தாள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்துச் சமாளித்து வந்தோம், அதுவும் முடிந்துபோயிருந்தது. அந்த ஒற்றைத் தாளை மட்டும் வெட்டி எடுக்கலாம், ஆனால் மறுபக்கத்தில் உள்ள தேவாரமும் போய்விடும் என்றேன்.

"தேவாரம் எல்லாருக்கும் பாடம்தானே. வெட்டுங்கோ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் உதை வாசிக்கேல்லை, என்ன?"

"திருத்தினனான். வாசிக்கேல்லை."

அவரும் ஒரு சவர பிளேடைக் கேட்டு வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "அப்ப இப்ப வாசியுங்கோ. ஆரெண்டு தெரிஞ்சுகொண்டு வெட்டுங்கோ."

இறந்தவரின் வரலாற்றை வாய்விட்டு வாசித்தேன். அவர் கணவர் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர். பஸ்ஸைத் தவறவிட்ட பள்ளிப் பிள்ளைகளைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுபவர். அந்த வரியை என் கையால்தான் கோத்திருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அழுதேன். அவர் நிமிராமல் வெட்டிக்கொண்டேயிருந்தார். நூறும் முடிந்ததும் பொதியைக் கட்டியபடி, "வேளைக்கு வீட்டை போங்கோ அண்ணை" என்றார்.

மறுநாளே முதலாளியிடம், இனி மாலை ஐந்துக்கு மேலும் ஞாயிறும் வேலைக்கு வரமாட்டேன் என்றேன்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

"பிடிக்க முதல் போறன்."

முணுமுணுத்தார், ஆனால் வேறு ஆள் இல்லாததால் விட்டுவிட்டார்.

இன்றும் எதையும் அச்சேற்றுமுன் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கிறேன். இறந்தவர் யாரென்று மனதில் பதியாத நாளில், பிழை என் கண்ணில் இல்லை, மரத்துப்போன மனதில்தான் என்பதை அறிந்து, வேலையை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.