ஃபுஸ்கஸின் கல்லில் வெட்டிய வரி

ஓஸ்தியா துறைமுகத்தில் கப்பல் விரிசல்களைச் சணலும் கீலும் வைத்து அடைப்பது ஃபுஸ்கஸின் தொழில். எழுபத்தொன்றாம் வயதில் தமக்கும் மனைவி ஹெல்வியாவுக்கும் கல்லறைக் கல் வாங்கினார். ஏப்ரல் நடுநாளுக்கு மூன்று நாள் முன்பு. உறுப்பினர் சந்தாவில் அடக்கச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஈமச் சங்கத்தில் அவர் சேர்ந்திருந்தார்; அதன் எழுத்தன் நான். கல் வந்த தேதியைப் பதிந்துகொள்ளப் போயிருந்தேன்.

கல்தச்சர்கள் வாசகத்தை முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பார்கள். பெயருக்கும் வயதுக்கும் மட்டும் இடம் காலியாக இருக்கும். ஹெல்வியாவுக்குப் படிக்கத் தெரியாது.

"எழுத்தரே, அந்தக் கடைசி வரிய வாசிங்க."

"ஒருநாளும் சண்டையின்றிச் சேர்ந்து வாழ்ந்தனர்" என்று வாசித்தேன்.

"யார் வீட்டுக் கல்லை மாத்தி ஏத்திட்டு வந்தீங்க?" என்றாள் கணவரிடம்.

"எல்லாக் கல்லுலயும் அப்படித்தான் இருக்கு. நல்ல மனுஷனுக்கு அப்படித்தான் போடுவாங்க."

"நீங்க நல்ல மனுஷன் ஆனதே நான் சண்டை போட்டுத்தான். குடிச்சிட்டு வந்தப்பல்லாம் நான் வாய மூடிட்டு இருந்திருந்தா, இந்தக் கல்லு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கும்."

"இப்பதான் சண்டையே இல்லையே."

"உங்களுக்குக் காது கேக்கல. நான் போட்டுட்டுத்தான் இருக்கேன்."

ஃபுஸ்கஸ் சிரித்தார். ஹெல்வியா சிரிக்கவில்லை. "இந்த வரி இருந்தா என் சாம்பலை எங்க அண்ணன் கல்லறையில வச்சிடுங்க. பொய்க்குக் கீழ நான் படுக்க மாட்டேன்." அவர் சிரிப்பும் அடங்கியது.

மறுநாள் காலை ஃபுஸ்கஸ் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சொன்னாச் செய்வா, எழுத்தரே. நாப்பத்தாறு வருஷம் ஆச்சு, தனியாப் படுக்க எனக்கு இஷ்டமில்ல. வரியச் செதுக்கி எடுத்துடலாம். அந்த இடத்துல பொய் இல்லாம என்ன போடறது?"

பதிவேட்டைப் புரட்டினேன். சங்க விருந்தில் ஆளுக்கு ஒரு ரொட்டி, நான்கு மத்தி மீன். யார் தின்றார், யார் கட்டிக்கொண்டு போனார் என்பதும் எழுதியிருப்பேன். இருபத்திரண்டு ஆண்டில் நூற்று முப்பத்திரண்டு விருந்து. காய்ச்சலில் மூன்றுக்கு அவர் வரவில்லை. வந்த நூற்று இருபத்தொன்பதிலும் இரண்டு மீனைத் துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்.

"இதையெல்லாமா எழுதுவீங்க?" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஹெல்வியாவிடம் போய் அதை வாசித்தேன்.

"பேச்சுவார்த்தை இல்லாத நாள்லகூட கதவுக்கு வெளிய வச்சிட்டுப் போவாரு. அதைப் போடுங்க."

தச்சன் பழைய வரியைச் செதுக்கி எடுத்தான். அந்த இடம் விரற்கடை அளவு பள்ளமானது. 'மீனைப் பாதி பாதியாக உண்டவர்கள்' என்று அதில் வெட்டத் தொடங்கினான்.

"பாதின்னு எப்படிப் போடறது? ஒருதடவை ஒண்ணுதான் வந்துது" என்றாள் ஹெல்வியா.

"பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"நம்ம தெருவுல ஏது பூனை?"

தச்சன் உளியை நிறுத்தி என்னைப் பார்த்தான். பதிவேட்டில் அவர் வந்த எல்லா விருந்துக்கும் இரண்டு என்றுதான் இருந்தது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, தொடர்ந்து வெட்டச் சொன்னேன்.