ஆறிய களிக்குக் கிடைத்த விருது

வெளிநாட்டுப் படவிழா ஒன்றில் சிறந்த துணை நடிகை விருது எனக்குக் கிடைத்தது. பாஸ்போர்ட் இல்லாததால் நான் போகவில்லை. இயக்குநரே வாங்கி, பென்னாகரம் வரை காரில் கொண்டுவந்து கொடுத்தார். கனமான கண்ணாடிச் சிலை. டிவி பக்கத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதன் மேல் வண்டிச் சாவியை மாட்டிப் பார்த்து, "நல்லாத்தான் நிக்குது" என்றார். அவர் பாராட்டும் லட்சணம் அவ்வளவுதான்.

நான் நடிகையே இல்லை. மகளிர் குழுவோடு ஊர் ஊராகப் போய் டெங்கு, குழந்தைத் திருமணம் என்று தெருநாடகம் போடுகிறவள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கதாநாயகனின் அம்மா வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் இளைய மகன் செத்துப்போன செய்தி வரும் காட்சி. மார்பில் அடித்துக்கொண்டு அழுது காட்டினேன். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"அழுகை எல்லாப் படத்துலயும் இருக்குங்க. வேற ஏதாவது பண்ணுங்க."

எனக்கு வேறு ஒன்று தெரிந்திருந்தது.

என் அண்ணன் மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்தபோது சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். போன் எனக்குத்தான் வந்தது. பக்கத்திலேயே இருந்த அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி அப்போதுதான் ராகிக் களி கிண்டி இறக்கியிருந்தார். சமையலறை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அண்ணி அழவில்லை. களியை அள்ளி உருட்ட ஆரம்பித்தார். கையைத் தண்ணீரில் நனைக்காமல் சூடான களியை எங்கள் பக்கம் யாரும் தொட மாட்டோம்; தோல் வெந்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அண்ணி வெறுங்கையால் உருட்டினார். உருண்டையை மகனுடைய தட்டில் வைத்து, குழம்பு ஊற்றக் கட்டைவிரலால் நடுவில் குழி செய்தார். அதற்குப் பிறகுதான் மயங்கிச் சாய்ந்தார்.

படத்தில் அதை அப்படியே செய்தேன். பேட்டி எடுத்தவர்களிடம் "கை தானா போச்சுங்க" என்று சொன்னது பச்சைப் பொய். யோசித்துத்தான் எடுத்தேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற படம், நம்ம ஊருக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

விருதே அதை ஊருக்கு இழுத்துவந்தது. கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட ஏற்பாடு செய்தார்கள். அண்ணிக்கு முழங்கால் வலி என்று நானே சாக்குச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன்.

"எங்க நாத்தனார் பரிசு வாங்குன படம். நான் பாக்காம வேற யாரு பாக்கறது?" என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அந்தக் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தேன். கொஞ்சம் முன்னால் குனிந்து, மடியில் கிடந்த தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எழுந்து போய்விட மாட்டாரா, என்னை நாலு வார்த்தை திட்ட மாட்டாரா என்றிருந்தது. படம் முடிந்ததும் ஊரே என்னோடு செல்பி எடுத்தது. சிரித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அண்ணி என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"அது நான்தான?" என்றார்.

"ஆமாங்க அண்ணி."

"எனக்கு அன்னைக்கி நடந்தது ஒண்ணுமே நெனப்பு இல்ல. கையெல்லாம் கொப்புளம். மயங்கி அடுப்பு மேல வுழுந்துட்டேன்னு உங்கண்ணன் சொன்னாரு. அப்படித்தான்னு இருந்துட்டேன்."

அண்ணன் அப்படி நினைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை.

"நீ அங்கயேவா நின்னுட்டு இருந்த?"

"வாசப்படியில."

"என் கையத் தட்டிவுட்டிருக்கலாமில்ல கண்ணு."

அதட்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிர்ச்சியில் நின்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று அவருடைய ஒவ்வொரு விரலும் எப்படி மடங்கியது, எந்த இடத்தில் உதடு அசைந்தது என்று எல்லாம் எனக்குத் தெரியும். படத்தில் ஒன்றைக்கூட விடாமல் செய்திருக்கிறேன். அதிர்ச்சியில் நின்றவள் இவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

அண்ணி என் வலது கையை இழுத்து விளக்கு வெளிச்சத்தில் விரித்தார். அவருடைய உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது.

"உனக்குச் சுடலையா?"

"எனக்குக் குடுத்தது ஆறின களிங்க அண்ணி. பின்னால வெந்நீர் வெச்சி ஆவி காட்டுனாங்க."

என் கையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேள," என்றார். "நான் பயந்தே போயிட்டேன்."