தம்பியின் அறையில் இருந்த கணினி

பயணம் போனவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும்வரை அவர் படுத்த அறையைக் கூட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வல்வெட்டித்துறையில் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அப்பா கரை திரும்பும்வரை அம்மா முற்றத்தில்கூட விளக்குமாறு வைத்ததில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனை நம்பித் தம்பி கனடாவுக்குப் புறப்பட்ட அன்றும் அவன் அறைக் கதவை அம்மா மெல்லச் சாத்திவிட்டார். இடைவழியில் ஏதோ ஓர் ஆபிரிக்க நாட்டிலிருந்து ஒரு தடவை கதைத்தான். "நாளைக்குக் கப்பல் ஏத்துறாங்களாம் அம்மா" என்றான். அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த அறைக்குள்தான் அவனுடைய கணினி இருந்தது. எனக்கு அதுதான் பிழைப்பு. எங்களுக்கு விடியும் நேரம் கனடாவில் பின்னேரம். அங்குள்ள பிள்ளைகளுக்கு அதில்தான் தமிழ் படிப்பிக்கிறேன். கணினியோ ஆமை வேகம். போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி வைத்து, குடித்து, கோப்பையையும் கழுவிவிட்டு வந்தாலும் திரையில் தம்பியின் படம் மட்டும் நிற்கும். வள்ளத்தில் சாய்ந்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். எதைத் தட்டினாலும் அசையாது. ஒருவழியாக வகுப்புத் தொடங்கினாலும் இழுபறிதான். "டீச்சர் வாயைத் திறந்தபடி நிக்கிறா" என்று ஒரு சின்னன் சொல்ல, மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். தாய்மார் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தத் தொடங்கினார்கள்.

கணினி படித்த சிநேகிதி ஒருத்தி வழி சொன்னாள். வேண்டாததை அழி, போட்டவுடன் தானாகத் திறக்கிறவற்றை நிறுத்து, பெட்டியைக் கழற்றித் தூசைத் தட்டு என்றாள். அடுத்த நிமிடமே ஸ்குரூ டிரைவரோடு போன என்னை அம்மா கதவடியில் மறித்தார்.

"என்ன செய்யப் போறாய்?"

"தூசு தட்டப் போறன். உது இழுத்துக்கொண்டு கிடக்கு."

"வேண்டாம் பிள்ளை. அவன் போய்ச் சேர்ந்திட்டன் எண்டு சொல்லுமட்டும் உந்த அறையிலை ஒண்டையும் கூட்டித் துடைக்காதை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் மீன் பிடிக்கவோ போனவன், விடியத் திரும்பிவர? எவ்வளவு காலமாச்சு அம்மா?"

"அப்ப இனி வரமாட்டான் எண்டு சொல்லுறியோ?"

நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன். என் மனதில் ஓடியது அதுதான். அது அம்மாவுக்கும் தெரியும்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் விடிய நான் கணினியைப் போடும்போது அம்மாவும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பார். நான் மேசையைத் தட்டித் தட்டிப் பொரிந்துகொண்டிருப்பேன். அம்மா திரையில் நிற்கும் தம்பியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளின் குரல் கேட்டதும் எழும்பிப் போய்விடுவார்.

தம்பியோடு போன பருத்தித்துறைப் பெடியன் ஒருவனின் வீட்டில் அவன் படத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள் என்று ஒருநாள் கேள்விப்பட்டோம். அம்மா தனியாக பஸ் ஏறிப் போய்வந்தார். வந்து சாப்பிடவும் இல்லை.

அடுத்தநாள் தம்பியின் அறையில் தும்புத்தடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா குனிந்து கட்டிலுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தார்.

"உன்ரை வேலையை நீ பார் பிள்ளை" என்றார், நிமிராமலே. "தட்டிற தூசையும் இதோடை அள்ளிவிடுறன்."

இதற்காகத்தான் அவரோடு சண்டை பிடித்தேன். இப்போது அந்தத் தும்புத்தடியைப் பறித்து எறிய வேண்டும்போல் இருந்தது. பறிக்கவில்லை. பெட்டியைக் கழற்றினேன். உள்ளே காற்றாடியில் தூசு உப்புக்காற்றோடு சேர்ந்து அப்பிப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். அவனுடைய விளையாட்டுகளை அழித்தேன், தானாகத் திறப்பவற்றை நிறுத்தினேன். படத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

மறுநாள் விடிய கணினி மளமளவென்று வந்தது. தம்பியின் படம் தெரிந்த கையோடு நானும் வகுப்பைத் திறந்துவிட்டேன். "வணக்கம் டீச்சர்" என்று திரை நிறையப் பிள்ளைகள். திரும்பிப் பார்த்தால், கதிரையைப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தார். பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு முடிந்து குசினிக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இப்ப கெதியா வருது, என்ன?"

"ஓம் அம்மா."

"முந்தி அவனைக் கொஞ்சநேரமெண்டாலும் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். துருவிய கை நின்றது. "திரும்பப் பழையபடி ஆக்கேலாதோ பிள்ளை?"