பெரிய எழுத்து

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்குப் பார்வை மங்கல். சிடியில் இருந்த கலைக்களஞ்சியத்தைப் படிக்க, திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியைப் போட்டு வைப்பேன். மறுநாள் போனால் எழுத்து பழையபடி எறும்பாகியிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நூலகரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "ஏன் மேடம் தினமும் மாத்துறீக?"

"நீதானா அது? எழுத்தெல்லாம் வீங்கிக் கெடக்கே, பெட்டி கெட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சேன்! தெனமும் குங்குமம் வச்சுக் கும்பிட்டுட்டுச் சரிபண்ணேன்."

மறுநாள் எழுத்து பெரிதாகவே இருந்தது. குங்குமப் பொட்டு வைத்த அந்தத் திரைக்கு முன்னால் நூலகர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி மேசைமேல் மடங்கிக் கிடந்தது.

"செத்த இரு," என்றார் திரும்பாமலே. "இந்தப் பக்கத்த முடிச்சுட்டு எந்திரிக்கிறேன்."